மதுவத்தின் (ஈஸ்ட்டின்) உருவம் பிழைத்தால் எங்கே தேடுவது: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு போகும் வழி

போன சித்திரையில் ஒரு தங்கச்சி, நுணுக்குக்காட்டியின் கண்வில்லையில் கைபேசியை வைத்து எடுத்த படம் ஒன்றை அனுப்பி, "அக்கா, என்ர மதுவம் எல்லாம் நீட்டு நீட்டா வந்திருக்கு, மாசு பட்டிட்டுதோ?" என்று கேட்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்க்கலம் வழக்கம்போல முட்டை வடிவம், அதில் இருந்து வெண்டிக்காய் மாதிரி இரண்டு மூன்று அரும்புகள், ஒன்றும் பிரியவில்லை. மாசு இல்லை. அவள் வைத்திருந்தது வெப்பத்தைத் தாங்காத ஒரு விகாரி, அதாவது ஒரு ஜீன் மாறிப்போன இனம், 23 பாகையில் வளர்க்க வேண்டியது. "அறை வெப்பநிலை" என்று செய்முறைத் தாளில் எழுதியிருந்ததை நம்பி மேசையில் வைத்துவிட்டாள். அன்று மதியம் அந்த அறையில் 33 பாகை.

அவளுக்கு எழுதிய பதிலைத்தான் விரித்து இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் மதுவத்தோடும் பூசணத்தோடும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வருகிற சிக்கல்கள் பல இந்த ஊர் வெக்கையாலும் இந்த ஊர்த் தண்ணீராலும் வருபவை. வெளிநாட்டுக் கையேடுகளில் அதற்கு விடை இருக்காது.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது

பாண் மதுவத்தின் ஒரு கலம் ஏறத்தாழ 5 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை இருநூறாய் வெட்டினால் வருகிற ஒரு துண்டு. அவ்வளவு சின்ன ஒன்று அரும்பு விட வேண்டுமென்றால் வரிசையாகப் பல வேலை செய்ய வேண்டும். எந்த இடத்தில் என்று தெரிவுசெய்ய வேண்டும். தெரிந்த இடத்தில் சிடிசி42 என்ற சிறிய புரதத்தைக் குவிக்க வேண்டும், சுற்றி செப்டின் புரதங்களால் ஒரு வளையம் போட வேண்டும், அக்டின் என்ற புரதக் கம்பிகளை அந்தப் பக்கம் திருப்பி அதன் வழியாகச் சுவர் கட்டுகிற சாமான்களை ஏற்றி அனுப்ப வேண்டும். அரும்பு முதலில் நுனியில் மட்டும் வளரும், நேரம் வந்ததும் பலூன் ஊதுவது போல எல்லாப் பக்கமும் பெருக்கும், கடைசியில் தாயும் பிள்ளையும் பிரியும்.

இதில் எந்த வேலை பிழைக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி உருவமும் தனி விதமாகப் பிழைக்கும். அதனால்தான் உருவத்தைப் பார்த்தே எந்தப் படி உடைந்தது என்று ஊகிக்க முடிகிறது. லீலண்ட் ஹார்ட்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி மதுவத்தின் கலப்பிரிவு விகாரிகளைத் தரம் பிரித்ததும் இப்படித்தான்: 36 பாகைக்கு மாற்றிவிட்டு, சாதாரண நுணுக்குக்காட்டியில் எந்த உருவத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்தார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த வேலை இது. நாங்களும் அதே கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் எந்த அறிகுறிக்கும் முன்னால் நாலு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஆறு மணித்தியாலமும் குடுவை உண்மையில் எத்தனை பாகையில் இருந்தது? (கரண்ட் நின்றால் அதுவும் கணக்கு. வெப்பமானியை ஒரு முகவை தண்ணீருக்குள் வைத்துக் குடுவைக்குப் பக்கத்திலேயே விடுங்கள், சுவரில் தொங்குவதை நம்பவேண்டாம்.) எத்தனை மணித்தியாலம் பழைய வளர்ப்பு? ஊடகத்தை, அதாவது மதுவத்துக்குச் சாப்பாடான கரைசலை, எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்? இனத்தின் முழுப் பெயர் என்ன, அது ஒருமடியமா (நிறமூர்த்தத் தொகுதி ஒன்று) இருமடியமா (இரண்டு)? என்னிடம் கேள்வி கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த நாலாவதற்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள், அதற்கு மேலே நான் சொல்லுகிற எதுவும் அவர்களுக்கு உதவாது.

எல்லாம் உருண்டை, ஒரு அரும்புகூட இல்லை

முதலில் அளவைப் பாருங்கள். வழக்கமான அளவு, தனித்தனியாக, அமைதியாகக் கிடக்கிறது என்றால் சாப்பாடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இரவு முழுக்க விட்ட வளர்ப்பில் பெரும்பாலான கலங்கள் அரும்பு இல்லாமல்தான் நிற்கும். புதிய வைபிடி ஊடகத்தில் ஐதாக்கி, 30 பாகையில் மூன்று மணித்தியாலம் குலுக்கிவிட்டுப் பாருங்கள். நல்ல இனம் இந்த நிலையில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும், ஆகவே அதற்குள் அரும்புகள் தெரியவேண்டும். வரவில்லையென்றால் மெதிலீன் நீலம் ஒரு துளி விடுங்கள், செத்த கலம் நீலமாகும்.

கலங்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, பெரிய உருண்டை, அரும்பு மட்டும் இல்லை என்றால் அது வேறு கதை. கருவுக்குச் சாயம் போட்டுப் பாருங்கள். ஒரு கலத்துக்குள் இரண்டு நாலு கரு இருந்தால், கலத்தின் மணிக்கூடு ஓடுகிறது, டிஎன்ஏ இரட்டிக்கிறது, கருவும் பிரிகிறது, ஆனால் எந்தப் பக்கம் வளர்வது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சிடிசி42 அல்லது அதை இயக்கிவிடும் சிடிசி24 கெட்டுப்போன விகாரியை 37 பாகையில் வைத்தால் இதேதான் தெரியும். திசை இல்லாததால் சுவர் எல்லாப் பக்கமும் சமமாகக் கட்டப்படுகிறது, அதனால் உருண்டை. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அதுவரை நான் உருண்டைதான் மதுவத்தின் இயல்பான வடிவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது திசை தொலைந்த வடிவம்.

அரும்பு நீண்டுபோய் நிற்கிறது

தங்கச்சியின் சிக்கல். இதற்குப் பல காரணம் இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

வெப்பநிலையில் இருந்து தொடங்குங்கள். இனத்தின் பெயரில் சிடிசி3, 10, 11, 12 இவற்றில் ஏதாவது இருந்தால் அவை செப்டின்கள். அரும்பின் கழுத்தில் இவை வளையமாக நிற்கும், 1976-இல் பையர்ஸ், கோட்ஷ் என்ற ஆய்வாளர்கள் மின்னணு நுணுக்குக்காட்டியில் அந்த இடத்தில் 10 நானோமீற்றர் தடிப்பான இழைகளைக் காட்டினார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுகம்: கிடுகு வேலி. இந்தப் பக்கம் தாயின் காணி, அந்தப் பக்கம் பிள்ளையின் காணி, பிள்ளைக்குப் போனது தாய்ப்பக்கம் திரும்பி வழியாமல் வேலி மறிக்கிறது.

வேலி விழுந்தால் அரும்பு ஏன் நீள வேண்டும்? இதில்தான் நல்ல விசயம் இருக்கிறது. அரும்பு நுனி வளர்ச்சியை விட்டு எல்லாப் பக்கமும் ஊதத் தொடங்க வேண்டுமென்றால் சிடிசி28 என்ற நொதியம் கலப்பிரிவின் நேரத்தைச் சொல்லும் சிஎல்பி2 போன்ற சைக்கிளின் புரதங்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஸ்வி1 என்ற இன்னொரு நொதியம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அரும்பின் கழுத்தில் செப்டின் வளையம் ஒழுங்காக நின்றால் ஹெச்எஸ்எல்1, ஹெச்எஸ்எல்7 என்ற புரதங்கள் அங்கே வந்து அமர்ந்து ஸ்வி1-ஐ அழிக்க ஏற்பாடு செய்யும். வளையம் இல்லையா, அவை அமர இடமில்லை, ஸ்வி1 அழியாது, அரும்பு நுனியிலேயே வளர்ந்து வளர்ந்து வெண்டிக்காயாகிறது. வேலி கட்டி முடியும்வரை வீட்டு வேலை தொடங்காதே என்று கலம் தன்னைத்தானே மறித்துக்கொள்கிற ஏற்பாடு இது. உங்களிடம் ஸ்வி1 நீக்கிய செப்டின் விகாரி இருந்தால் இரண்டையும் ஒரே வெப்பத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அரும்பு அவ்வளவு நீளாது. ஒரு பாடப் பரிசோதனைக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

செய்ய வேண்டியது: 23 முதல் 25 பாகைக்குள் வைத்து வளர்த்துப் பாருங்கள். குளிரூட்டி இல்லாத ஆய்வுகூடத்தில் சித்திரை வைகாசியில் அது தானாகக் கிடைக்காது. பெரிய ரெஜிபோம் பெட்டிக்குள் தண்ணீர், அதற்குள் வெப்பமானி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஐஸ் கட்டி, இப்படித்தான் நான் பல நாள் ஒப்பேற்றினேன். குலுக்க முடியாது, கையால் இடைக்கிடை சுழற்றிவிட்டால் போதும். மார்கழி தை இரவென்றால் கொஞ்சம் சுகம்.

வெப்பம் சரி, இனமும் விகாரி இல்லை என்றால் சாப்பாட்டைப் பாருங்கள். சில இருமடிய இனங்கள் நைதரசன் போதாத அகாரில் (கூழ் போல இறுகிய ஊடகத்தில்) வேண்டுமென்றே நீண்டு, பிரியாமல் சங்கிலியாகி, அகாருக்குள் இறங்கும். சாப்பாடு தேடிப் போகிற உருவம் அது, நோய் இல்லை. 1992-இல் இதை விவரித்தபோது பயன்பட்ட சிக்மா1278பி இனம் இதை நன்றாகச் செய்யும். எஸ்288சி என்ற பொது இனம் செய்யாது, அதில் எஃப்எல்ஓ8 என்ற ஜீன் கெட்டிருக்கிறது. ஆகவே "என்னுடையது நீளவே இல்லை" என்று கவலைப்படுகிறவர்களும் முதலில் இனத்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் இல்லையென்றால்தான் மாசு என்ற சந்தேகம். தனிக் குடியிருப்பு (ஒரு கலம் பெருகி வந்த பொட்டு) ஒன்றை எடுத்துப் புதிய அகாரில் கோடிழுத்துப் பாருங்கள்.

கொத்துக் கொத்தாய் ஒட்டிக் கிடக்கிறது

குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது எல்லாருக்கும் தெரியும். அதில் இருக்கிற கல்சியம் மதுவத்துக்கும் தெரியும்.

மதுவங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு இரண்டு வழி இருக்கிறது, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். ஒன்றில், சுவரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எஃப்எல்ஓ புரதங்கள் பக்கத்துக் கலத்தின் சுவரில் உள்ள மனோசுச் சங்கிலிகளைப் பிடிக்கின்றன. இந்தப் பிடிக்குக் கல்சியம் வேண்டும். மற்றதில், தாயும் பிள்ளையும் பிரியவே இல்லை.

பிரித்தறிவது சுகம். கொத்தான மதுவத்தில் ஒரு மில்லிலீற்றர் எடுத்து ஈடிடிஏ கரைசலை 50 மில்லிமோலர் அளவுக்குச் சேர்த்து நன்றாகக் குலுக்கி, சிலைட்டில் பாருங்கள். ஈடிடிஏ கல்சியத்தைக் கவ்விக்கொள்ளும். கொத்து உடைந்து தனித்தனியானால் முதல் வகை. உறுதிப்படுத்த வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு தடவை கழுவி, பாதிக்குக் கல்சியம் குளோரைட்டு விடுங்கள், பாதியைச் சும்மா விடுங்கள். நான் ஒருமுறை கல்சியம் குளோரைட்டுக்குப் பதிலாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே விட்டுப் பார்த்தேன். சோதனைக் குழாயை நிமிர்த்தி வைத்து ஒரு நிமிடம் இருக்காது, பால் மாதிரி இருந்தது மணல் மணலாகத் திரண்டு அடியில் இறங்கியது, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. பக்கத்தில் காய்ச்சி வடித்த நீர் விட்ட குழாய் அப்படியே பாலாக இருந்தது. அதற்குப் பிறகு ஊடகம் செய்யக் கிணற்றுத் தண்ணீர் நான் எடுப்பதே இல்லை.

சீனி முடிகிற நேரம்தான் பல இனங்களில் இந்த ஒட்டல் தொடங்கும். காலையில் நன்றாக இருந்தது பின்னேரம் திரண்டால் பயப்பட வேண்டாம்.

ஈடிடிஏ விட்டும் உடையவில்லையென்றால் கொத்தின் அமைப்பை 40 மடங்குப் பொருள்வில்லையில் பொறுமையாகப் பாருங்கள். கலங்கள் கழுத்துக் கழுத்தாய்த் தொடுத்து, கிளை கிளையாய், ஒன்றில் இருந்து ஒன்று வந்தது என்று விரலால் தொடர்ந்து போகக்கூடியதாக இருக்கும். பிரிய வேண்டிய நேரத்தில் இடையில் உள்ள சுவரை அறுக்க சுவரில் உள்ள கைற்றின் என்ற பொருளை அறுக்கும் சிடிஎஸ்1 என்ற நொதியம் வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் ஏஸ்2 என்ற புரதம் பிள்ளையின் கருவுக்குள் மட்டும் போய்ச் சேர்கிறது. ஆகவே அறுப்பது பிள்ளைதான், தாய் இல்லை. கைற்றின் வளையம் தாயின் உடம்பில் வடுவாக நின்றுவிடுகிறது. ஏஸ்2 கெட்டால் யாரும் அறுக்க மாட்டார்கள். 2012-இல் அமெரிக்காவில் ஒரு குழு, குழாயின் அடிக்கு விரைவாக இறங்குகிற மதுவத்தை மட்டும் நாளுக்கு நாள் எடுத்து வளர்த்தபோது இரண்டு மாதத்துக்குள் பனித்துகள் போன்ற இப்படிப்பட்ட கொத்துகள் வந்தன. பின்னால் பார்த்தபோது மாறியிருந்தது இதே ஏஸ்2.

பழத்தில் இருந்தோ கள்ளில் இருந்தோ நீங்களே பிரித்தெடுத்த காட்டு மதுவம் கொத்தாய் இருந்தால் அதைப் பிழை என்று எழுதாதீர்கள். தனித்தனியாய் மிதப்பது ஆய்வுகூட இனங்களின் வசதியான குணம்.

உருவம் நல்லம், ஆனால் அரும்பு கண்ட இடத்தில் வருகிறது

இதைக் கண்டுபிடிக்க கல்கோபுளுவர் சாயமும் ஒளிர்வு நுணுக்குக்காட்டியும் வேண்டும். பழைய அரும்புகளின் கைற்றின் வடுக்கள் வளையம் வளையமாக மின்னும். மூன்று வடுவுக்குக் குறையாத கலங்களை மட்டும் எண்ணுங்கள், ஒன்று இரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒருமடியத்தில் வடுக்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கியிருக்கும். இருமடியத்தில் கலத்தின் இரண்டு முனைகளிலும் இருக்கும். ஒரே வடுவின் மேல் மறுபடி அரும்பு வராது.

ஒருமடியம் இருமடியம் போல அரும்புகிறதா? உங்கள் இனம் டபிள்யூ303 என்றால் நிறுத்துங்கள், அதில் பட்4 ஜீன் ஏற்கெனவே கெட்டிருக்கிறது, உங்கள் பரிசோதனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு இனமென்றால், பட்3, பட்4, ஏஎக்ஸ்எல்1, ஏஎக்ஸ்எல்2 இவை பழைய கழுத்தில் அடையாளம் வைக்கிறவை, அவற்றில் ஒன்று போயிருக்கலாம். அல்லது உங்கள் ஒருமடியம் உங்களுக்குத் தெரியாமல் இருமடியமாகியிருக்கலாம், கலம் கொஞ்சம் பெரிதாகவும் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறியிருந்தால் ஆர்எஸ்ஆர்1, பட்2, பட்5 பக்கம் பாருங்கள். அடையாளத்தை வாசித்து சிடிசி42-க்குச் சொல்லுகிற தூதர்கள் இவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தூதர் இல்லை, அடையாளம் வாசிக்க ஆள் இல்லை, ஆனாலும் கலம் ஒரே ஒரு அரும்பை, சரியான உருவத்தில், விடுகிறது. இடம் மட்டும்தான் பிழை. அப்படியென்றால் இடத்தைத் தெரிவுசெய்வது வேறு, திசையை உண்டாக்குவது வேறு. யாரும் சொல்லாமலே கலம் தானாக ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. எப்படி?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியோரம் ஒரே மாதிரி பத்துக் கச்சான் கடை இருக்கும். ஒரு கடையில் தற்செயலாய் நாலு பேர் நின்றுவிட்டால் அடுத்து வருகிறவர்களும் அங்கேதான் போவார்கள், மற்றக் கடைகளில் நிற்க ஆள் மிச்சமிருக்காது. கலத்திலும் இதுதான் நடக்கிறது. மென்சவ்வில் எங்கோ கொஞ்சம் சிடிசி42 விழித்துக்கொள்கிறது. அது பெம்1 என்ற புரதத்தை இழுக்கிறது, பெம்1 தன்னோடு சிடிசி24-ஐக் கூட்டி வருகிறது, சிடிசி24 பக்கத்தில் இருக்கிற சிடிசி42-ஐயும் எழுப்புகிறது, அவை இன்னும் பெம்1-ஐ இழுக்கின்றன. சாமான் அளவோடுதான் இருக்கிறது, ஆகவே ஒரு குவியல் பெருக்க மற்றவை வற்றிப்போகும். சில நிமிடத்துக்குள் ஒன்று வெல்லும். எங்கள் உடம்பிலும் சிடிசி42 இருக்கிறது, மனிதனுடையதை மதுவத்துக்குள் வைத்தாலும் வேலை செய்கிற அளவுக்கு ஒற்றுமை.

ஒரே நேரத்தில் இரண்டு அரும்பு கண்டால் இந்தப் போட்டி கெட்டுவிட்டது என்று உடனே எழுதவேண்டாம். ஒன்று பிரியாமல் ஒட்டியிருக்கிற பழைய பிள்ளையாக இருக்கக்கூடும். மெல்லிய ஒலியதிர்வு கொடுத்து, மறுபடி பாருங்கள்.

அக்டின் சாயம் போட்டால் எங்கும் புள்ளி புள்ளியாய்ச் சிதறிக் கிடக்கிறது

இது என்னை மூன்று கிழமை அலைத்த பிழை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். நல்ல கலத்தில் பலோய்டின் சாயம் போட்டால் அக்டின் புள்ளிகள் அரும்புக்குள் கூடியிருக்கும், தாயில் இருந்து கழுத்தைப் பார்த்து நீளமான கம்பிகள் ஓடும். என் விகாரியில் கம்பியே இல்லை, புள்ளிகள் தாயிலும் பிள்ளையிலும் சமமாக. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, ஒப்பீட்டுக்கு வைத்திருந்த சாதாரண இனத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன். அதிலும் அப்படியே.

நான் செய்திருந்தது இது: வளர்ப்பைச் சுழற்றி அடியில் படிய வைத்து, சீனி இல்லாத தாங்கற் கரைசலில் இரண்டு தடவை கழுவி, அதன் பிறகுதான் கலத்தை அப்படியே நிலைநிறுத்துகிற போமல்டிகைட்டு விட்டேன். சீனி நின்ற சில நிமிடத்திலேயே மதுவம் அக்டினின் திசையைக் கலைத்துவிடும். சுழற்றுகிற அழுத்தம், உப்பு அதிர்ச்சி, 25-இல் இருந்து 37-க்குத் திடீரென்று போவது, எல்லாம் இதே வேலையைச் செய்யும். கரண்ட் வந்ததும் குலுக்கி இயந்திரம் எகிறிச் சூடாகிற ஆய்வுகூடங்களில் இதைக் கவனத்தில் வையுங்கள். வெப்ப அதிர்ச்சியென்றால் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் தானாகச் சீராகும்.

ஆகவே போமல்டிகைட்டை நேரே குடுவைக்குள், வளர்கிற ஊடகத்துக்குள்ளேயே, இறுதிச் செறிவு 3.7 வீதம் வருகிற மாதிரி விடுங்கள். கழுவுவதெல்லாம் பிறகு.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். லற்றங்குலின் என்ற மருந்தால் அக்டினை முழுதாகக் கரைத்தாலும் சிடிசி42 ஒரு பக்கம் குவியும், அரும்புதான் வராது. திசை தெரிந்தும் சாமான் கொண்டுபோக வழி இல்லாத நிலை. ஆகவே அக்டின் சிதறியிருப்பதை மட்டும் வைத்துத் திசையே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஒரு பக்கம் கூராகி, பேரிக்காய் மாதிரி

ஒருமடியங்களில் ஒன்றோடொன்று சோடி சேர்கிற ஏ வகையும் அல்பா வகையும் கலந்துவிட்டால் ஒன்றின் வாசம் மற்றதுக்குப் பட்டு இப்படி நீளும். அல்பா வகை விடுகிறது 13 அமினோ அமிலம் கொண்ட சிறு பெப்ரைட்டு. நீங்களே அதை விட்டும் கூர் வரவில்லையா, ஏ வகைதானா என்று பாருங்கள். பிறகு பார்1 என்ற நொதியம்: ஏ கலங்கள் அதை வெளியே விட்டு அந்தப் பெப்ரைட்டை அறுத்துவிடும். வளர்ப்பு அடர்த்தியாக இருந்தால் பெப்ரைட்டு கெதியாக முடிந்துவிடும், ஐதாக்குங்கள் அல்லது பார்1 நீக்கிய இனம் எடுங்கள்.

அரும்பே இல்லை, கோல் கோலாய் இருக்கிறது, நடுவில் கோடு

கள்ளு முட்டியில் இருந்து எடுத்தால் இதைக் காண வாய்ப்பு இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பணியில் கிடைக்காது, அது புளிக்காமல் இருக்கவே சுண்ணாம்பு. தடவாத முட்டியில், நுரைத்த கள்ளில் ஒரு துளி வையுங்கள். முட்டை வடிவ மதுவங்களுக்கு நடுவில் நீட்டுக் கலம் ஒன்று, இரண்டு முனையும் மழுங்கி, நடுவில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு, கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டில் முறிந்து இரண்டாகும். அது பிளவு மதுவம், ஷிசோசக்கரோமைசிஸ் பொம்பே. பெயரில் உள்ள "பொம்பே" சுவாகிலி மொழியில் பியர், முதலில் பிரித்தெடுத்தது கிழக்கு ஆபிரிக்கத் தினைப் பியரில் இருந்து. மரக்கள்ளுகளிலும் கண்டெடுத்திருக்கிறார்கள்.

இதில் உருவப் பிழை தேடும்போது நீளத்துக்கு முன் அகலத்தை அளவுங்கள். இயல்பான கலம் மூன்று நாலு மைக்கிரோமீற்றர் அகலம், ஏறத்தாழ 14 நீளம் வந்ததும் பிரியும். அகலம் சரி, நீளம் மட்டும் கூட என்றால் திசையில் பிழை இல்லை, நேரத்தில்தான் பிழை: சிடிசி25 கெட்டால் பிரியாமல் நீண்டுகொண்டே போகும், வீ1 கெட்டால் கட்டையாகவே பிரிந்துவிடும். அகலம் மாறி உருண்டால் திசைப் பிழை. வளைந்தோ இங்கிலீசு டீ எழுத்து மாதிரிக் கிளைத்தோ இருந்தால் கலத்துக்குள் நீளமாக ஓடும் நுண்புன்குழாய்களைப் பாருங்கள். அவைதான் டீ1 என்ற புரதத்தை முனைகளுக்குக் கொண்டுபோய் "இதுதான் முனை" என்று அடையாளம் வைக்கின்றன. அது போகாவிட்டால் கலம் நடுவயிற்றில் புது முனை ஒன்றைத் தொடங்கிவிடும். நுண்புன்குழாய்களைக் கலைக்கிற தயாபெண்டசோல் என்ற மருந்து பட்டாலும் இதே கோலம் வரும்.

கன்டிடாவில் முளைக்குழாய் வரவில்லை

மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். கன்டிடா நோய்க்கிருமியான ஒரு மதுவம், வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ வேண்டாம். முளைக்குழாய் வர சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) 37 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைக்க வேண்டும், எங்கள் அறை எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் அது 37 இல்லை. அடுத்த காரணம் அளவுக்கு மேல் கலம் போடுவது. கூட்டம் கூடினால் கன்டிடா விடுகிற பார்னசோல் என்ற பொருள் முளைப்பதையே மறிக்கும். 2001-இல் அறிந்த விசயம், ஆனாலும் இன்றுவரை குழாய் கலங்குமளவுக்கு அள்ளிப் போடுகிறவர்களைக் காண்கிறேன். மெல்லத் தொட்டு எடுத்தால் போதும்.

வந்தது முளைக்குழாயா நீண்ட அரும்பா என்று சந்தேகமென்றால் அடியைப் பாருங்கள். கழுத்து இறுகியிருந்தால் அரும்பு. இறுகாமல் நேரே போனால் முளைக்குழாய், அதில் முதல் குறுக்குச்சுவரும் கழுத்தில் வராமல் குழாய்க்குள்ளே வரும். கன்டிடா டப்ளினியென்சிசும் முளைக்கும், ஆகவே முளைத்ததை மட்டும் வைத்து கன்டிடா அல்பிகன்சு என்று எழுதிக் கொடுக்கவேண்டாம்.

பூசண இழையின் நுனி வீங்கியோ வெடித்தோ இருக்கிறது

பாணில் வந்த பூசணத்தை ஊசியால் கிள்ளி, தண்ணீர் விட்டு, கவர் சிலிப் வைத்து அழுத்தினால் இப்படித்தான் தெரியும். இழை நுனியில் மட்டும்தான் வளர்கிறது. சுவர் சாமான் ஏற்றிய பைகள் நுனிக்குச் சற்றுப் பின்னால் குவிந்து நின்று அங்கிருந்து பிரிந்து போகின்றன, 1924-இலேயே புரூன்ஸ்விக் என்ற ஆய்வாளர் சாயம் போட்டுக் காட்டிய குவியல் அது. அந்த நுனிச் சுவர் இன்னும் இறுகாதது. தண்ணீர் திடீரென்று புகுந்தால் வீங்கும், வெடிக்கும், தப்பினால் பின்னால் கிளை விடும்.

கிள்ளாதீர்கள். குடியிருப்பின் ஓரத்தில், இழை நுனிகள் இருக்கிற இடத்தில், அகாரோடு சேர்த்து ஒரு சிறு சதுரம் வெட்டி, அதே ஊடகம் ஒரு துளி விட்ட கவர் சிலிப்பின் மேல் கவிழ்த்து வைத்து, ஒரு கால் மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். பிறகு பார்த்தால் நுனிகள் மறுபடி நேராக ஓடிக்கொண்டிருக்கும்.